உயர்மலையில் ஒரு மிதமான மவுண்டன் பைக் சுற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாழ்வான இடங்களில் ஓரளவு ஓட்டிப் பழகியவர்கள், முதல்முறையாக உயர்மலைக்குப் போகுமுன் கேட்கும் கேள்விகள் இவை. புறப்பட்ட இடத்துக்கே வேறு வழியாக வந்து சேரும் பாதையைத்தான் இங்கே சுற்று என்கிறேன்.

கணக்குப் போட வசதியாக ஒரு மாதிரிச் சுற்றை வைத்துக்கொள்வோம். மொத்தம் 28 கிலோமீட்டர். 2,400 மீட்டர் உயரத்தில் கிளம்பி, 11 கிலோமீட்டர் மண்சாலையில் ஏறி, 3,200 மீட்டரில் இருக்கும் கணவாயை அடைகிறோம். அங்கிருந்து 7 கிலோமீட்டர் மலைச்சரிவை ஒட்டி ஏறி இறங்கிப் போகும் பாதை. இதில் இன்னொரு 100 மீட்டர் ஏற்றம் சேரும். கடைசி 10 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதையில் இறக்கம்.

28 கிலோமீட்டர்தானே, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடாதா?

முடியாது. மலையில் கிலோமீட்டரைப் பார்த்து நேரம் கணிப்பதுதான் எல்லாரும் செய்யும் முதல் தப்பு. பார்க்க வேண்டியது ஏற்றத்தை. 11 கிலோமீட்டரில் 800 மீட்டர் ஏறுகிறோம், அதாவது சராசரியாக 7 சதவீதத்துக்குச் சற்று மேலான சரிவு.

நடப்பவர்களுக்காக வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892-லேயே ஒரு விதி சொன்னார்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். சைக்கிளுக்கு இந்த எண்கள் பொருந்தாது. ஆனால் தூரத்துக்குத் தனி, ஏற்றத்துக்குத் தனி என்ற யோசனை அப்படியே பொருந்தும்.

இந்த உயரத்தில், சராசரியாகப் பழகிய ஒருவருக்கு மணிக்கு 300 மீட்டர் ஏற்றம் என்று நான் வைத்துக்கொள்வேன். மாதிரிச் சுற்றில் கணவாய்க்கே 2 மணி 40 நிமிடம். ஓய்வு அரை மணி. அடுத்த 7 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். இறக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரு மணி, ஏனென்றால் ஒற்றையடிப் பாதையில் பழக்கமில்லாதவர் 10 முதல் 12 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை. ஆக மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. ஒரு பஞ்சர், இரண்டு புகைப்படம், ஒரு வழிகுழப்பம் என்று சேர்த்தால் ஆறு.

‘மிதமான’ பாதை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

நிறத்தை வைத்து. இதில் ஒரு பொறி இருக்கிறது. வட அமெரிக்காவில் பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஆல்ப்ஸ் பகுதியில் பல இடங்களில் நீலம்தான் சுலபம், சிவப்பு நடுத்தரம். ஒரு கண்டத்தில் நீலம் ஓட்டியவர் இன்னொரு கண்டத்தில் போய் ‘நீலம்தானே’ என்று கணக்குப் போட்டால் எண் மாறிவிடும்.

ஆல்ப்ஸ் பக்கம் எஸ்0 முதல் எஸ்5 வரை ஓர் அளவுகோலும் புழக்கத்தில் உண்டு. எஸ்1-இல் சிறு கற்களும் வேர்களும் வரும். எஸ்2-இல் கற்கள் பெரிதாகும், பிடிமானம் இல்லாத தரை வரும், படிகளும் இருக்கும். மிதமான சுற்று வேண்டுமானால் பெரும்பகுதி எஸ்1, நடுநடுவே எஸ்2 என்று தேடுங்கள். எஸ்3 என்று எங்காவது 300 மீட்டர் குறித்திருந்தால் பயப்பட வேண்டாம், இறங்கி நடந்துவிடலாம்.

ஆனால் நிறமும் எண்ணும் பாதையின் தன்மையை மட்டும்தான் சொல்கின்றன. உயரத்தை, குளிரை, உதவி வந்துசேர ஆகும் நேரத்தை அவை சொல்வதில்லை. ஊர் ஓரத்தில் இருக்கும் நீலமும் 3,200 மீட்டரில் இருக்கும் நீலமும் ஒன்றல்ல.

எந்தத் திசையில் சுற்றுவது நல்லது?

அகலமான, சீரான பக்கத்தில் ஏறி, ஒற்றையடிப் பக்கத்தில் இறங்குவதுதான் பொதுவாகச் சரி. கற்கள் நிறைந்த குறுகிய பாதையில் மெதுவாக ஏறும்போது ஒவ்வொரு கல்லும் உங்களை நிறுத்தும். நிறுத்தினால் திரும்பவும் ஏறி மிதிக்க மூச்சு வேண்டும். அந்த மூச்சுதான் மேலே கிடைக்காது.

இன்னொரு விஷயம் ஓடைகள். பனி உருகி வரும் ஓடை காலையில் குறைந்திருக்கும், வெயில் ஏற ஏறப் பெருகும், பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்துக்குப் போகும். காலை ஏழு மணிக்குக் கணுக்கால் நனையக் கடந்த ஓடை, நாலு மணிக்கு முழங்காலுக்கு மேல் இழுக்கும். சுற்றில் பாலமில்லாத ஓடை ஏதாவது இருந்தால், அது காலையில் வரும்படி திசையை மாற்றிப் பாருங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதை இங்கே அப்படியே நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். சில பாதைகளில் சைக்கிளுக்கு ஒருவழி விதி உண்டு. அப்படியானால் பேச்சே இல்லை, அந்தத் திசைதான்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

கிளம்பும் நேரத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். வானத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கோடையில் பல உயர்மலைப் பகுதிகளில் காலை பளிச்சென்று இருக்கும். வெயிலில் சரிவுகள் சூடேற, காற்று மேலெழும்பி, மதியத்துக்கு மேல் மேகம் கட்டி இடி இடிக்கும். எனவே மரம் வளராத அந்த மொட்டை உயரத்திலிருந்து பகல் 12 மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரிச் சுற்றில் காலை 6:30-க்குக் கிளம்பினால் ஓய்வு உட்பட 9:40-க்குக் கணவாய். 10:40-க்குச் சரிவுப் பாதை முடியும், 11:40-க்கு வண்டி நிறுத்திய இடம். எட்டரைக்குக் கிளம்பினால்? அதே கணக்கில் 12:40 மணிக்கும் அந்த மொட்டை உயரத்தில்தான் இருப்பீர்கள், அதுவும் எதுவும் தப்பாகப் போகாவிட்டால்.

மேலே இருக்கும்போது இடி வந்துவிட்டால்?

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவு என்றால் புயல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முகட்டையும் கணவாயையும் விட்டு உடனே இறங்குங்கள். தனித்து நிற்கும் மரத்தடிக்கும் ஆழமில்லாத குகை வாய்க்கும் போகாதீர்கள். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். குழுவாக இருந்தால் ஒருவரையொருவர் விட்டு விலகி நில்லுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி மேலே.

பாதியில் திரும்புவது பற்றி எப்போது முடிவெடுப்பது?

முந்தின நாள் இரவு, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு. வழியில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் முடிவே இல்லை. களைப்பும் ஆசையும் சேர்ந்து பேசுவது.

போய்த் திரும்பும் நேர்ப்பாதையில் எந்த இடத்தில் திரும்பினாலும் வந்த வழி தெரியும். சுற்றில் அப்படியில்லை. ஓர் இடத்தைத் தாண்டிவிட்டால் திரும்பி வருவதும் முன்னே போவதும் ஒரே நேரம் எடுக்கும். அதற்குப் பிறகு நீங்கள் பாதிக் கிணறு தாண்டியவர். மாதிரிச் சுற்றில் அது எங்கே? பாதித் தூரமான 14-வது கிலோமீட்டர் என்று தோன்றும். இல்லை. கணவாயிலிருந்து வந்த மண்சாலையில் இறங்கினால் முக்கால் மணி நேரத்தில் கீழே போய்விடலாம். முன்னே போனால் இரண்டு மணி நேரம். கணவாய் தாண்டி 3 கிலோமீட்டர் போன பிறகுகூட, திரும்புவதுதான் சற்றுச் சீக்கிரம். வரைபடத்தில் இந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒரு புள்ளி வையுங்கள்.

அப்புறம், நடுவே வெளியேறும் வழிகளைத் தேடுங்கள். சரிவிலிருந்து பள்ளத்தாக்குச் சாலைக்கு இறங்கும் தடம், வனச்சாலை, மேய்ப்பர் பாதை எதுவானாலும் சரி. ஒன்றுகூட இல்லாத சுற்றை முதல் தடவைக்கு நான் மிதமானது என்று சொல்ல மாட்டேன், தரை மெத்தை மாதிரி இருந்தாலும்.

கடைசியாக ஒரு நேரம் குறியுங்கள்: ‘10:30-க்குள் கணவாயை எட்டவில்லை என்றால் திரும்புகிறோம்.’ கணவாய் கண்ணுக்கு எதிரே 200 மீட்டரில் இருந்தாலும் சரி. நான் ஒருமுறை அந்த 200 மீட்டருக்காக இருபது நிமிடம் விட்டுக்கொடுத்தேன். மேலே போய் நின்றதும் ஆலங்கட்டி. ஹெல்மெட்டில் கூழாங்கல் கொட்டுவது போல் சத்தம், எதிரே பாதை வெள்ளையாகி மறைந்துவிட்டது. ஈர மண்ணில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்க மூன்று மணி நேரம் ஆனது.

உயரம் உடம்பை என்ன செய்யும்?

3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடலின் உச்ச உழைப்புத் திறன் தோராயமாக 1 சதவீதம் இறங்கும் என்பது பொதுக்கணக்கு. கீழே வழக்கமாகப் போகும் வேகத்தில் ஏற ஆரம்பித்தால் பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். முழு வாக்கியம் ஒன்றைத் திணறாமல் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம்.

களைப்பு வேறு, உயர நோய் வேறு. தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசாதாரணச் சோர்வு சேர்ந்தால் உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உயரத்துக்கு வந்து 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால் முதல் நாளே வந்து அன்றே சுற்றில் ஏறிவிட்டு ‘எனக்கு ஒன்றுமே ஆகவில்லை’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. 2,400 மீட்டரிலேயே இரண்டு இரவு தூங்கிவிட்டு, இடையில் ஒரு சின்ன ஓட்டம் போய்ப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் சுற்று போனால் உடம்புக்கு வித்தியாசம் தெரியும்.

நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுவாங்குவது: இவை இரண்டும் அபாய அறிகுறிகள். மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே இறங்க வேண்டும், உதவியும் கூப்பிட வேண்டும். இதயம், நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் கேளுங்கள்.

யாரோ பதிவேற்றிய ஜிபிஎஸ் தடத்தை அப்படியே பின்தொடரலாமா?

பார்த்துவிட்டுத்தான். அது எந்த மாதத்தில் பதிவானது, எந்தத் திசையில், அவர் மேலே வரை வண்டியில் போய் இறங்கினாரா என்று பாருங்கள். மொத்த ஏற்றம் என்று செயலிகள் காட்டும் எண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். ஒரே தடத்துக்கு ஒரு செயலி 850 என்றும் இன்னொன்று 1,000 என்றும் காட்டும். சிறு மேடுபள்ளங்களை எவ்வளவு சமப்படுத்துகிறது என்பதில் ஒவ்வொன்றும் வேறுபடும்.

வரைபடத்தில் சமஉயரக் கோடுகளை எண்ணிப் பார்ப்பது பழைய முறை, ஆனால் ஏமாற்றாது. 20 மீட்டர் இடைவெளிக் கோடுகள் என்றால், ஒரு கிலோமீட்டரில் பாதை ஐந்து கோடுகளைக் கடந்தால் 10 சதவீதச் சரிவு. கோடுகள் நெருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பாதை நேராக மேலே போனால், அங்கே தள்ளப் போகிறீர்கள் என்று இப்போதே தெரிந்துவிடும்.

வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள், விமானப் பயன்முறையில் போடுங்கள். குளிரில் பேட்டரி வேகமாகச் சரியும், எனவே உடம்பை ஒட்டிய பையில். ஒரு காகிதப் பிரதியும் இருக்கட்டும்.

எந்தக் காலம் ஏற்றது?

பனி உருகி முடிந்து, அடுத்த பனி விழுவதற்கு முந்தைய சில வாரங்கள். பள்ளத்தாக்கில் பூ பூத்திருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். வடகோளத்தில் வடக்கு நோக்கிய சரிவிலும் தென்கோளத்தில் தெற்கு நோக்கிய சரிவிலும் பனி வாரக்கணக்கில் தங்கும். உங்கள் இறக்கம் அந்தச் சரிவில் இருந்தால், 3 கிலோமீட்டர் தொடைவரை புதையும் பனியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

சைக்கிளில் எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று விஷயம். முதலில் கியர். முன் பல்சக்கரத்தில் 32 பல், பின்னாலுள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தில் 51 பல், 29 அங்குலச் சக்கரம் என்றால், ஒரு முழு மிதிக்குச் சைக்கிள் சுமார் 1.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்சம். 7 சதவீதச் சரிவில் இது தாங்கும். 12 சதவீதத்தில் அதே மிதி மணிக்கு 600 மீட்டர் ஏற்றம் ஆகிவிடும்; 3,000 மீட்டரில் நம்மில் பலருக்கு அது ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடாது. அங்கே இறங்கித் தள்ளுங்கள். தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வேகமும் பெரிதாகக் குறையாது.

இரண்டாவது பிரேக். 800 மீட்டர் இறக்கத்தில் விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடேறி, பிடிமானம் மங்கும். திருப்பத்துக்கு முன் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, அப்புறம் விட்டுவிடுங்கள். லீவர் கைப்பிடி வரை அமுங்குகிறதா, கருகிய வாடை வருகிறதா, நிறுத்திப் பத்து நிமிடம் ஆற விடுங்கள். ஆர்வக்கோளாறில் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் கொப்பளித்துவிடும். பேட் தேய்ந்திருந்தால் கிளம்புமுன் மாற்றி, தட்டையான சாலையில் பலமுறை பிடித்து விட்டுப் பழக்கிக்கொண்டு போங்கள்.

மூன்றாவது டயர். கடல்மட்டத்தில் 24 பிஎஸ்ஐ வைத்த டயர், வெப்பநிலை மாறாவிட்டால், 3,200 மீட்டரில் 29 அளவுக்குக் காட்டும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால். குளிர் அதில் கொஞ்சத்தைத் திரும்ப இறக்கும். ஆகவே வீட்டில் வைத்த காற்றை நம்பாமல், கிளம்பும் இடத்தில் பாருங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

டியூப்லெஸ் டயரானாலும் ஒரு டியூப், பம்ப், டயர் லீவர், டயர் ஓட்டையை அடைக்கும் பிளக், மல்டி டூல், அறுந்த செயினை இணைக்க ஒரு குவிக் லிங்க், கொஞ்சம் ஒட்டுநாடா. எல்லாரும் மறப்பது டீரெய்லர் ஹேங்கர்.

பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு அலுமினியத் துண்டு அது. கல்லில் மோதினால் சட்டம் உடையாமல் தான் வளையும்படிதான் செய்திருப்பார்கள். பல சட்டங்களுக்கு வடிவம் வேறு, நண்பருடையது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். என்னுடையது ஒருமுறை கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒடிந்தது. செயினைக் கழற்றி, சுருக்கி, நடுவிலிருந்த ஒரே பல்சக்கரத்தில் மாட்டி, ஒற்றைக் கியரில் இறங்கினேன். இறக்கத்தில் அது போதும். கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒடிந்திருந்தால் கதை வேறு.

உடைக்கு: 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குளிரும், அதோடு இறக்கத்தில் காற்று. ஏறும்போது வியர்த்த பருத்திச் சட்டை அப்போது ஈரத்துணிதான். காற்றுத் தடுப்புச் சட்டையைக் கணவாயில் நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள், நடுங்க ஆரம்பித்த பிறகு அல்ல. முழுவிரல் கையுறை, கறுப்புக் கண்ணாடி, வெயில் களிம்பு. உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும்.

தண்ணீர் எவ்வளவு?

மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர். சாப்பாடு, பசி எடுப்பதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக. உயரத்தில் பசி மந்தமாகிவிடும். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டியோ சுத்திகரித்தோதான்.

எலக்ட்ரிக் பைக்கில் போனால் எல்லாம் சுலபம்தானே?

ஏற்றம் சுலபம். ஆனால் 23 கிலோ சைக்கிளைப் பாறைமேல் தூக்குவது சுலபமில்லை, குளிரில் பேட்டரியும் குறையும். அனுமதியையும் பாருங்கள், சாதாரண சைக்கிளை விடும் பாதையில்கூட இதை விடாத இடங்கள் உண்டு.

மலையில் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாமா?

இல்லை. உதாரணமாக, அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வில்டர்னஸ் என்று அறிவித்த பகுதிகளில் சைக்கிளே கூடாது. சுற்றின் ஒரு கிலோமீட்டர் அப்படிப்பட்ட எல்லைக்குள் போனாலும் சுற்று போச்சு. அந்தந்த இடத்து விதியை முதலிலேயே பாருங்கள். நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிடுங்கள், ஏறுபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். மண் டயரில் அப்பிக்கொண்டு வருகிற ஈரத்தில் ஓட்டினால் பாதை பள்ளமாகிவிடும்.

தனியாகப் போகலாமா?

முதல் சுற்றுக்கு வேண்டாம். போனால், எந்தப் பாதை, எத்தனை மணிக்கு இறங்குவேன், எத்தனை மணி வரை தகவல் வராவிட்டால் உதவி கூப்பிட வேண்டும் என்ற மூன்றையும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சிக்னல் இல்லாத மலையில் விசில் உதவும். நிமிடத்துக்கு ஆறுமுறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறுமுறை: இது ஆல்ப்ஸில் தொடங்கிய அபாய அழைப்பு. நிமிடத்துக்கு மூன்றுமுறை பதில் வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். இரவில் இதையே டார்ச்சால் செய்யலாம்.

இறங்கி முடித்த பிறகு?

களைப்பில் படுத்துத் தூங்கிவிடுவதற்கு முன், நேரம் எழுதிக் கொடுத்தீர்களே, அவருக்கு வந்து சேர்ந்ததைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது மலைமேல் டார்ச் விளக்குகளோடு ஒரு குழு உங்களைத் தேடிக்கொண்டிருக்கும்.